மேற்கு வானில் ஒரு புகைப்புள்ளி: ஈச்சிலம்பற்றிலிருந்து வால்வெள்ளி பார்ப்பது எப்படி?

வால்வெள்ளி வருகிறது என்று செய்தி வந்தால் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் எழும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. இது எதற்கு வருகிறது, இனி என்ன நடக்கப்போகிறது என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டாவதைப் பெரியவர்கள் கேட்பார்கள். 2024, 2025 ஆகிய இரண்டு வருடங்களிலும் ஒக்டோபர் மாதத்தில் ஈச்சிலம்பற்று வயல்வெளியில் நின்று வால்வெள்ளி பார்த்தபோது இரண்டு கேள்விகளையும் நான் பலமுறை எதிர்கொண்டேன். இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாலை வானில், சாதாரண பைனாக்குலர் ஒன்றுடன், கிழக்குக் கரையில் இருக்கும் ஒருவர் வால்வெள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முதலில் பார்ப்போம்.

வால்வெள்ளி என்பது என்ன?

வால்வெள்ளி பனிக்கட்டியும் தூசியும் பாறைத்துகளும் சேர்ந்த ஒரு கட்டி. பெரும்பாலானவற்றின் கரு சில கிலோமீற்றர் குறுக்களவு மட்டுமே உடையது. ஹேலியின் வால்வெள்ளியின் கரு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம். 1986 மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஜியோட்டோ விண்கலம் 600 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் அதைக் கடந்து சென்று படம் எடுத்தது. ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைப் பக்கம் போகும் தூரத்துக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு கட்டிதான், வானத்தில் இலட்சக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு வால் விரிக்கிறது.

சூரியனை நெருங்கும்போது கட்டியின் பனி நேரடியாக ஆவியாகிறது. ஆவியோடு தூசியும் வெளியேறுகிறது. கருவைச் சுற்றி உண்டாகும் இந்தப் புகைமண்டலமே தலையாகத் தெரிகிறது. வாலில் இரண்டு வகை உண்டு. சூரிய ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்படும் தூசி, சற்று வளைந்த மஞ்சள் வெள்ளை வாலாகிறது. மின்னேற்றம் பெற்ற வாயு, சூரியக் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு நேரான நீல வாலாகிறது. இரண்டுமே சூரியனுக்கு எதிர்ப்புறமாகத்தான் நீளும். வால்வெள்ளி சூரியனைவிட்டு விலகிப் போகும்போதுகூட வால் பின்னால் இழுபடுவதில்லை, முன்னே போகிறது.

இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், தேடல் பாதி முடிந்தது. மாலையில் சூரியன் மேற்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே மாலை வால்வெள்ளியின் தலை கீழேயும் வால் மேலேயும் இருக்கும். தலைகீழாக, அடிவானத்தை நோக்கி வால் தொங்கினால் அது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

பெயரையும் ஒளித்தரத்தையும் படிப்பது

செய்திகளில் "சி/2023 ஏ3" போன்ற பெயர்களைக் காண்கிறோம். "சி" என்பது குறுகிய காலத்தில் திரும்பி வராத வால்வெள்ளி என்பதைக் குறிக்கும். 2023 கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு. "ஏ" அந்த ஆண்டின் ஜனவரி முதற் பாதி. 3 அந்த அரைமாதத்தில் மூன்றாவதாகப் பதிவானது என்று பொருள். அதன் பின்னால் கண்டுபிடித்தவரின் அல்லது ஆய்வுநிலையத்தின் பெயர் வரும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஒளித்தரம். இந்த எண் குறையக் குறைய ஒளி கூடும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். மின்விளக்கு இல்லாத கிராமத்து இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரையான விண்மீன்கள் தெரியும். பைனாக்குலரில் 9 வரைகூடத் தெரியலாம். ஆனால் வால்வெள்ளியின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருப்பதில்லை, பரவிக் கிடக்கிறது. எனவே ஒளித்தரம் 6 என்று சொல்லப்படும் வால்வெள்ளி, அதே தரமுள்ள விண்மீனைவிட மங்கலாகவே தெரியும். என் அனுபவத்தில் 5 அல்லது அதற்குக் குறைந்த எண் என்றால் பைனாக்குலரோடு வயலுக்குப் போகலாம். 3 என்றால் அயலவர்களையும் கூப்பிடலாம்.

2024, 2025: எங்கள் வானில் வந்த இரண்டு

சி/2023 ஏ3 வால்வெள்ளிக்கு சுச்சின்ஷான்-அட்லஸ் என்று பெயர். சீனாவின் ஊதாமலை ஆய்வுநிலையமும், தென்னாபிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023 இன் தொடக்கத்தில் அதைத் தனித்தனியே கண்டன. 2024 செப்டெம்பர் 27 அன்று அது சூரியனுக்கு மிக அருகில், 6 கோடி கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சென்றது. ஒக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ 7 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. அந்த நாட்களில் அது காலை வானத்திலிருந்து மாலை வானத்துக்கு மாறியது.

ஒக்டோபர் நடுப்பகுதியில் எங்கள் பகுதியில் சூரியன் மாலை 5.50 அளவில் மறைகிறது. அப்போது மேற்குக்குச் சற்றுத் தெற்கே வெள்ளிக் கோள் பளிச்சென்று நின்றது. மேற்குக்குச் சற்று வடக்கே செம்மஞ்சள் நிறத்தில் சுவாதி விண்மீன். ஒக்டோபர் 14 அளவில் வால்வெள்ளி இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது. இந்த இரண்டு ஒளிகளையும் காட்டிக் கொடுத்தால், எட்டு வயதுப் பிள்ளையும் நடுவில் பைனாக்குலரைத் திருப்பி வால்வெள்ளியைப் பிடித்துவிடும். அடுத்தடுத்த மாலைகளில் அது மேலே ஏறியது, மங்கியது. ஒக்டோபர் 17 அன்று பூரணை என்பதால் அந்த வாரம் நிலவொளி வாலை விழுங்கிவிட்டது. 20 ஆம் திகதிக்குப் பின் நிலவு தாமதமாக எழத் தொடங்கியதும் மறுபடி இருட்டு கிடைத்தது.

2025 இல் வந்தது சி/2025 ஏ6, லெமன் வால்வெள்ளி. அமெரிக்காவின் லெமன் மலை ஆய்வுநிலையத்தில் 2025 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. தீபாவளிக்கு மறுநாளான ஒக்டோபர் 21 அன்று பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ 9 கோடி கிலோமீற்றர் தூரத்தில் சென்றது. அமாவாசையும் அன்றே. ஒளித்தரம் 4 அளவில் இருந்ததால் இது முழுக்க முழுக்க பைனாக்குலர் வால்வெள்ளி. வெறுங்கண்ணால் தேடியவர்கள் ஏமாந்தார்கள். பைனாக்குலரில் பச்சைச் சாயல் கொண்ட உருண்டையும் மெல்லிய வாலும் தெரிந்தன. தலையின் பச்சை நிறம், இரண்டு காபன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளி பட்டு ஒளிர்வதால் வருவது. மழை முகில் விட்டுக் கொடுத்தது இரண்டு மாலைகள் மட்டுமே.

கடற்கரைக்குப் போகாதீர்கள்

வானம் பார்க்கக் கடற்கரை நல்ல இடம் என்பது பொதுவான எண்ணம். எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. விடியற்காலை வால்வெள்ளிக்கு இலங்கைத்துறை முகத்துவாரத்து மணல் பொருத்தமானது. மாலை வால்வெள்ளி மேற்கே தரைப்பக்கம் இறங்கும். அதற்கு வேண்டியது மேற்குப் புறம் மரமும் வீடும் மறைக்காத வெளி. வயல், களப்போரம், குளக்கட்டு ஆகியவை நல்லவை. ஈச்சிலம்பற்று, பூநகர், வெருகல் பக்கங்களில் இப்படியான வெளிக்குக் குறைவில்லை.

இடத்தைப் பகலில் போய்ப் பார்த்து வையுங்கள். ஆட்கள் நடமாடும், பயிர் செய்யும் நிலத்திலேயே நில்லுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் வால்வெள்ளிக்காக யாரும் கால் வைக்க வேண்டாம். காட்டோரக் கிராமங்களில் இருட்டிய பின் யானை வரும் வழிகளை ஊரவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தனியே போகாமல் நாலு பேராகப் போவது எப்போதும் நல்லது.

காலமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரையில் வானம் பெரும்பாலும் தெளிவு. ஒக்டோபரில் பின்னேர இடிமுகில் கட்டும். நவம்பரிலிருந்து வாடைக்கால மழை. மழைக்காலத்திலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஒரு பெருமழைக்குப் பிறகு கிடைக்கும் தெளிவான மாலையில் தூசி கழுவப்பட்டு வானம் மிகவும் கறுப்பாக இருக்கும்.

நிலவைக் கணக்கிடுவது எளிது. மாலைத் தேடலுக்கு பூரணை கழிந்து மூன்று நான்கு நாட்களிலிருந்து, அமாவாசை கழிந்து நான்கைந்து நாட்கள் வரை நல்ல இருட்டு கிடைக்கும்.

எங்களுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் மறைந்து 70 நிமிடம் அளவில் முழு இருட்டாகிவிடும். இலண்டனில் ஒக்டோபர் மாதத்தில் இதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மங்கல் வெளிச்சத்தில் வால்வெள்ளி கரைந்து போகும் ஆபத்து எங்களுக்குக் குறைவு.

பைனாக்குலர் பற்றி

பைனாக்குலரில் 7×50, 10×50 என்று எழுதியிருக்கும. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது எண் முன்வில்லையின் குறுக்களவு, மில்லிமீற்றரில். வால்வெள்ளிக்குப் பெருக்கத்தைவிட ஒளி சேர்க்கும் பெரிய வில்லையும் அகன்ற காட்சிப் பரப்பும் தேவை. 7×50 அல்லது 10×50 போதும். சாதாரண 10×50 பைனாக்குலரில் ஒரே பார்வையில் 6 பாகைக்கு மேல் தெரியும். முழு நிலவு அரைப் பாகை. ஆக, பன்னிரண்டு நிலவுகளை வரிசையாக வைக்கக்கூடிய அகலம் அது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைகளில் காட்சி சுருங்கி இருண்டுபோகும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பழையதை வாங்குவதாக இருந்தால் மூன்று சோதனைகள். தூரத்துப் பனைமரம் ஒன்றைப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் சேர்ந்து ஒரே மரமாகத் தெரிய வேண்டும். இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஆடி விலகியிருக்கிறது. அடுத்து, வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, குவியச் சக்கரம் இறுகாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் வில்லைக்கு எதிரி. பாவித்த பின் மூடியுள்ள பெட்டியில், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் சிலவற்றோடு வையுங்கள்.

குவியப்படுத்த ஒழுங்கு உண்டு. முதலில் வலப்பக்க முன்வில்லையைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்கு ஒரு விண்மீனைக் கூர்மையான புள்ளியாக்குங்கள். பின்னர் இடப்பக்கத்தை மூடி, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். அந்த வளையத்தின் நிலையை நினைவில் வைத்திருந்தால் உங்கள் கண்ணுக்கு அதுவே எப்போதும் சரி. கண்ணாடி அணிபவர்கள் கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ மட்டுமென்றால் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம்.

கை நடுங்கினால் மங்கலான எதுவும் தெரியாது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றலாம். சைக்கிள் இருக்கையில் முழங்கை வைக்கலாம். வேலிக்கட்டையில் சாயலாம்.

தேடும் முறை

1. சூரியன் முழுவதும் மறையும்வரை பைனாக்குலரைக் கண்ணில் வைக்க வேண்டாம். பைனாக்குலர் வழியாகச் சூரியனைக் கணநேரம் பார்த்தாலே பார்வை நிரந்தரமாகப் போகலாம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் உறுதிசெய்யுங்கள்.

2. சூரியன் மறைந்து 30 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் வரையான நேரமே முக்கியமானது. ஒக்டோபரில் என்றால் 6.20 முதல் 7.05 வரை.

3. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் வேண்டும். அதற்கிடையில் போன் திரையைப் பார்த்தால் பழையபடி தொடங்க வேண்டும். ரோச் லைட் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் கண் பாதிக்கப்படாது.

4. கையை நீட்டி வானை அளவிடுங்கள். நீட்டிய கையின் முட்டி 10 பாகை, நடு மூன்று விரல்கள் 5 பாகை, சின்னி விரல் 1 பாகை. "அடிவானத்துக்கு மேல் 20 பாகை" என்று செய்தி சொன்னால் அது இரண்டு முட்டி உயரம். பிள்ளையின் கை சிறிது, தூரமும் சிறிது. அதனால் இந்த அளவு எல்லோருக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

5. முதலில் பிரகாசமான ஒரு விண்மீனைப் பிடித்து, அங்கிருந்து தொடங்குங்கள். இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி, பாதிக் காட்சி உயரம் இறக்கி, வலமிருந்து இடமாகத் திரும்புங்கள். வயலில் ஏர் திரும்புவது போல. அவசரமாக ஆட்டினால் மங்கல் பொருள் கண்ணில் படாது.

6. தேடுவது ஒரு புள்ளியை அல்ல. குவியப்படுத்த முடியாத விண்மீன் போல, ஊதிவிட்ட புகைப்பொட்டு போல ஒன்று தெரியும். தெரிந்ததும் நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். விழித்திரையின் ஓரப் பகுதிக்கு மங்கல் ஒளியை உணரும் திறன் அதிகம். அப்போது வாலும் வெளிப்படும்.

ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியை போனில் வைத்திருந்தால் வால்வெள்ளியின் இடத்தை முன்கூட்டியே அறியலாம். மாலைக்கு முன்பே பார்த்து, கொப்பியில் படமாகக் கீறிக்கொண்டு போவதே என் வழக்கம். வயலில் போன் திரை கண்ணைக் கெடுப்பதில்லை.

எவற்றோடு குழம்பும்?

சூரியன் மறைந்தபின் மேற்கே உயரத்தில் செல்லும் விமானத்தின் புகைக்கோடு, பொன்னிறத்தில் வால்வெள்ளி போலவே தெரியும். பத்து நிமிடத்தில் அது கலைந்துவிடும் அல்லது நகர்ந்துவிடும். செய்மதி ஒரு சில நிமிடங்களில் வானைக் கடக்கும். எரிவெள்ளி ஒரு நொடியில் முடியும். வால்வெள்ளியோ விண்மீன்களோடு சேர்ந்து மெதுவாக மேற்கே இறங்கும். அன்று முழுவதும் கண்ணுக்கு அசையாதது போலவே இருக்கும்.

விண்மீன் திரள்களும் ஏமாற்றும். 2024 ஒக்டோபர் 15 அன்று சுச்சின்ஷான்-அட்லஸ், எம்5 என்னும் திரளுக்கு மிக அருகில் சென்றது. பைனாக்குலரில் அதுவும் ஒரு சிறு புகைப்பொட்டுத்தான். உறுதிசெய்ய ஒரே வழி மறுநாளும் பார்ப்பது. திரள் இருந்த இடத்திலேயே இருக்கும். வால்வெள்ளி பக்கத்து விண்மீன்களை விட்டு விலகியிருக்கும். அதனால்தான் கொப்பியில் கீறி வைக்கச் சொல்கிறேன்: திகதி, நேரம், பக்கத்து விண்மீன்கள், வால் எத்தனை விரல் நீளம், முகில் நிலை. நான்கு மாலைகள் கீறினால் அதன் பாதை உங்கள் கையெழுத்தில் வந்துவிடும்.

கழுத்தில் பைனாக்குலர்

எங்கள் பக்கத்தில் பைனாக்குலர் என்பது நீண்ட காலம் காவலரணில் நின்றவர்களின் கழுத்தில் தொங்கிய பொருள். அது பொதுமகன் கையில் இருந்தால் விசாரணை வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆகவே நடைமுறையாகச் சில விடயங்கள். முகாமோ சோதனைச்சாவடியோ உள்ள திசையில் பைனாக்குலரைத் திருப்ப வேண்டாம். எங்கே, எதற்காக நிற்கிறீர்கள் என்பதை அயலவர்களுக்கும், முடிந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். பாடசாலை ஆசிரியர் ஒருவரும் பிள்ளைகளும் கூட இருந்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவை வராது. யாராவது வந்து கேட்டால் பைனாக்குலரை அவர்களிடமே கொடுத்து வால்வெள்ளியைக் காட்டுங்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். வந்தவர் இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் கவனித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வானத்தில் வெளிச்சம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பரா வெளிச்சம். வானத்தை அண்ணாந்து பார்ப்பது என்றால் கிபிர் எந்தப் பக்கத்தால் திரும்புகிறது என்று பார்ப்பது. அவர்களை வற்புறுத்த வேண்டாம். பிள்ளைகள் பார்த்து முடியும் வரை பின்னால் நின்ற ஒரு அம்மம்மா, கடைசியில் "இதில சத்தம் ஒன்றும் வராதோ" என்று கேட்டுவிட்டு வாங்கிப் பார்த்தார். சத்தம் வராது என்று சொன்னேன்.

கெட்ட சகுனமா?

இனி, பெரியவர்களின் கேள்வி. வால்வெள்ளியைத் தீய குறியாகப் பார்ப்பது எங்களிடம் பழைய வழக்கம். புறநானூற்றின் 117 ஆம் பாடலில் கபிலர் இப்படியான வான் குறிகளைச் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது, அவை தோன்றினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்கவில்லை என்பதைத்தான். நாடு செழித்ததற்குக் காரணம் ஆண்டவனின் ஆட்சி, வானக்குறி அதை மாற்றவில்லை என்பது பாட்டின் பொருள்.

எங்கள் காலத்துக்கு வருவோம். பொருத்திப் பார்க்க விரும்பினால் பொருத்தம் கிடைக்கும். 1983 மே மாதத்தில் ஒரு வால்வெள்ளி பூமிக்கு 50 இலட்சம் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் சென்றது. இரண்டு மாதத்தில் கறுப்பு யூலை. 1997 வசந்தத்தில் ஹேல்-பொப் வானில் நின்றது. மே 13 அன்று ஜெயசிக்குறு தொடங்கியது. 2004 டிசெம்பரில் மக்கோல்ஸ் வால்வெள்ளி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 26 ஆம் திகதி கடல் வந்தது.

ஈச்சிலம்பற்று மக்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. மக்நோட் வால்வெள்ளியை அவுஸ்திரேலியாவில் ரொபேர்ட் மக்நோட் கண்டுபிடித்தது 2006 ஓகஸ்ட் 7 அன்று. மூதூரில் சண்டை நடந்த நாட்கள் அவை. 2007 ஜனவரி 12 அன்று அது சூரியனுக்கு மிக அருகில் சென்று, பகலிலேயே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. அதற்கு ஒரு வாரத்தின் பின், ஜனவரி 19 அன்று, வாகரை படையினர் வசமானது. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வாகரைக்குப் போய்ச் சேர்ந்திருந்த மக்கள் அங்கிருந்து மறுபடி பெயர்ந்து மட்டக்களப்பு முகாம்களில் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலைச் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நான் மறுபக்கத்தையும் சொல்வேன். யாழ்ப்பாணத்தின் பெரும் இடப்பெயர்வு 1995 ஒக்டோபர் 30 அன்று நடந்தது. அடுத்து வந்த பெரிய வால்வெள்ளியான ஹியாகுதாகே 1996 ஜனவரி இறுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2009 மே மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய வால்வெள்ளி எதுவும் எங்கள் வானில் இருக்கவில்லை. முள்ளிவாய்க்காலுக்குக் குறி சொல்ல ஒன்றும் வரவில்லை. மக்நோட்டை மிக அழகாகக் கண்டவர்கள் அவுஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரரும். அவர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். 2007 ஜனவரியில் முகாம்களில் இருந்த பலரிடம் நான் கேட்டிருக்கிறேன். அந்த வால்வெள்ளியைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. யாரும் காணாத குறி யாருக்கு எச்சரிக்கை?

சில வருடங்களுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியும் வால்வெள்ளி வருகிறது. முப்பது வருடம் போர் நடந்த நாட்டில் அவற்றில் எதை எடுத்தாலும் அருகே ஒரு அழிவு இருக்கும். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. "வால்வெள்ளி வந்தது, ஊர் அழிந்தது" என்று பிள்ளைக்குச் சொன்னால், செல் அடிக்கவும் குண்டு போடவும் முடிவெடுத்தவர்கள் அந்தக் கதையில் இல்லாமல் போகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். கடல்கோள் கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. இடப்பெயர்வு கட்டளைகளால் வந்தது. இரண்டிலும் அந்தப் பனிக்கட்டிக்குப் பங்கில்லை.

பைனாக்குலரால் கண்டுபிடித்தவர்கள்

சிறிய கருவிதானே என்று எண்ண வேண்டாம். 1983 மேயில் வந்த அந்த வால்வெள்ளியைக் கண்டவர்களில் ஒருவர் ஜோர்ஜ் அல்கொக். அவர் இங்கிலாந்தில் ஒரு பாடசாலை ஆசிரியராக இருந்தவர். வீட்டுக்குள் நின்று, யன்னல் கண்ணாடி ஊடாக, பைனாக்குலரால் பார்த்தே அதைக் கண்டார். ஆயிரக்கணக்கான விண்மீன்களின் இடங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்ததால், புதிதாக ஒன்று வந்தது அவருக்கு உடனே தெரிந்தது. ஜப்பானின் யூஜி ஹியாகுதாகேயும் தன் பெயர் தாங்கிய வால்வெள்ளியைப் பெரிய பைனாக்குலர் ஒன்றினாலேயே கண்டார்.

தமிழ்க் கரையிலும் பழைய கதை ஒன்று உண்டு. 1689 டிசெம்பரில் புதுச்சேரியில் ரிஷோ என்ற யேசுசபைப் பாதிரியார் ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, அல்ஃபா செந்தோரி விண்மீன் ஒன்றல்ல இரண்டு என்று கண்டார். தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வுநிலையத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1949 இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். பாப்பு-பொக்-நியூகேர்க் என்று அதற்குப் பெயர்.

அடுத்தது எப்போது?

பெரும்பாலான வால்வெள்ளிகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சில மாதங்களுக்கு முன்னரே செய்தி வரும். சில வேளை சொன்ன அளவுக்கு ஒளிராமலும் போகும், சூரியனருகே உடைந்து சிதறியும் போகும். திகதி சொல்லக்கூடிய ஒன்று ஹேலியின் வால்வெள்ளி. ஏறத்தாழ 76 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் அது, 2061 ஜூலை 28 அன்று சூரியனுக்கு மிக அருகில் வரும். கச்சான் காலம், கிழக்குக் கரையில் வானம் தெளிவாக இருக்கும் மாதம். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். சூரியன் மறைந்தபின் எந்தப் பக்கம் பார்ப்பது, முட்டியால் எப்படி அளப்பது என்பதை இப்போதே அவர்களுக்குப் பழக்கிவிடுங்கள். கொப்பியையும் அவர்களிடமே கொடுத்து வையுங்கள்.